உப்பின் அளவும் கருவியின் நேர்மையும்

ஆசிரியனுக்கு உவமை கூறப் புகுந்த நன்னூலார் நிலம், மலை, மலர் என்பவற்றோடு நிறைகோலையும் சேர்த்து வைத்தார். ஐயத்தைத் தீர்த்துப் பொருளின் அளவை உணர்த்துதலும், இருபக்கமும் சாயாது நடுநிற்றலும் நிறைகோலின் இயல்புகளாம். இவ்விரண்டும் ஆசிரியனுக்கு மட்டுமன்றி, அளக்குங் கருவி ஒவ்வொன்றுக்கும் வேண்டுவனவே. ஆயினும், நிறைகோலும் பொய் சொல்லக்கூடும் என்பதைச் சந்தையிற் பொருள் வாங்கும் எவரும் அறிவர். கோலை ஐயுற்றவர் பொருளையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்து மீண்டும் நிறுப்பர். இருமுறையும் நிறை ஒன்றாயின் கோல் நேரியது. வேறாயின் கோல் கோடியது. கருவியாற் பொருளைச் சோதிக்குமுன் கருவியையே சோதித்தறியும் இம்முறை, சந்தைக்கு மட்டுமன்றி விஞ்ஞானகூடத்துக்கும் உரியது. கடல்நீர் மீன்தொட்டிக்கு உப்பளவு காணுங் கருவியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்னும் சிறிய வினாவைக் கொண்டு இவ்வுண்மையை ஈண்டு விளக்குவாம்.

தமிழாசிரியனுக்கு உப்புநீரில் என்ன வேலை என வினவுவாரும் உளராகலாம். நமது மாத்தளை மாவட்டம் கடல் காணாதது. கண்டியரசர் காலத்தில் மலைநாட்டார் உண்ட உப்பு பெரும்பாலும் கரையோரத்திலிருந்து பொதிமாடுகளின் முதுகிலேறி வந்ததே. கரையைக் கைப்பற்றியிருந்த ஒல்லாந்தர் உப்பு வழியை அடைத்து மலைநாட்டை நெருக்கவும் முயன்றனர். சங்க நூல்கள் காட்டும் உமணரும் உப்பை வண்டியிலேற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றியவரே. உப்பின் வரலாறு நம் இலக்கியத்துக்கும் நம் ஊருக்கும் அயலானதன்று.

இன்றோ உப்பை மட்டுமன்றிக் கடலையே ஒரு கண்ணாடித் தொட்டியில் அடக்கி மலைநாட்டுக்குக் கொணரல் கூடும். செயற்கைக் கடலுப்புப் பொதிகளாக விற்கப்படுகின்றது. அதனைத் தூய நீரிற் கரைத்தால் கடல்நீரை ஒத்த நீர் கிடைக்கும். கடலை ஆண்டுக்கொருமுறை சுற்றுலாவிற் காணும் பிள்ளைகளுக்கு இத்தகைய தொட்டி ஓர் அரிய பாடநூலாகும். பிறநாடுகளிலும் கொழும்பிலும் வாழும் பழைய மாணவர் ஒருவர் தம் கல்லூரிக்கு இதனை அளிக்க எண்ணினால், தொட்டியின் நீளத்தையும் மீனின் நிறத்தையுமே முதலிற் சிந்திப்பார். உப்பளக்குங் கருவி அவர்தம் பட்டியலின் இறுதியில் நிற்கும். அது முதலில் நிற்கவேண்டியது என்பதே எம் கருத்து.

தொட்டியில் உப்பு ஏறும் வகை

ஆயிரங் கிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. இதனையே உவர்த்தன்மை 35 என்பர். 100 லீற்றர் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 3,500 கிராம் உப்பு இருக்கும் எனக் கொள்வோம். கணக்கின் எளிமைக்காக ஒரு லீற்றரை ஒரு கிலோகிராமாகவே கொள்ளலாம். வெப்பத்தால் 5 லீற்றர் நீர் ஆவியாகின், போவது நீரே, உப்புப் போவதில்லை. எஞ்சிய 95 லீற்றரில் 3,500 கிராமும் நிற்கும், உவர்த்தன்மை 36.8 ஆக உயரும். குறைந்த அளவை நன்னீராலேயே நிரப்புதல் வேண்டும். இதனை அறியாத மாணவன் ஒருவன் ஒவ்வொரு முறையும் கடல்நீர் கொண்டே நிரப்பினான் எனக் கொள்க. ஒரு முறைக்கு 175 கிராம் உப்பு மிகும். பத்தாம் முறை நிரப்பியபின் தொட்டியில் 5,250 கிராம் உப்பு நிற்கும், உவர்த்தன்மை 52.5 ஆகும். அப்பொழுதும் நீர் தெளிந்தே இருக்கும், மட்டமும் குறையாது. கண்ணுக்கு ஒரு குறையுந் தோன்றாத தொட்டியில் உயிர்கள் மாளும்.

உயிர்கள் படும் பாடு

கடல்மீனின் குருதியிலுள்ள உப்புச் செறிவு கடல்நீரின் செறிவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. ஆதலின் அதன் உடலிலிருந்து நீர் ஓயாது வெளியேறிக்கொண்டிருக்கும். அவ்விழப்பை ஈடுசெய்ய அது கடல்நீரைக் குடித்து, மிகை உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகின்றது. நீருள் வாழ்ந்தும் நீர் வேட்கையோடு போராடும் வாழ்வு அது. உவர்த்தன்மை சிறிது மாறினும் மீன் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். நட்சத்திர மீனும் கடற்சாமந்தியும் பவளவுயிரும் அங்ஙனந் தாங்கமாட்டா. அவற்றின் உடல்நீர் சூழ்ந்துள்ள நீரோடு ஒத்தே நிற்பது. சூழல் மாறின் உடலும் மாறும். கோமாளி மீனையும் அதற்கு இல்லமான கடற்சாமந்தியையும் ஒரே தொட்டியில் இட்டவர், மீன் நலமாக நீந்துவதைக் கண்டு மகிழ்ந்திருக்க, கடற்சாமந்தி சுருங்கி அழிதல் இதனால் நிகழக்கூடும்.

இன்னுமொரு செய்தியை நாம் மறத்தல் ஆகாது. இலங்கையில் விற்கப்படும் அழகுக் கடல்மீன்களுட் பெரும்பாலன பண்ணையிற் பிறந்தவை அல்ல. முருகைக் கற்பாறைகளிடையே சுழியோடிகளாற் பிடிக்கப்பட்டவை. முருகைக்கற்களை எடுத்தலோ சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆகவே தொட்டியில் ஓர் உயிர் மாண்டால், அது கடலுக்கும் இழப்பாகும். மாணவர் கண்முன் வைக்கும் பாடம் அழிவின் பாடமாதல் தகாது.

உப்பு என்பது யாது?

கடலுப்பு, சமையலுப்பு ஒன்றே அன்று. அதன் நிறையில் ஏறத்தாழ 55 வீதம் குளோரைட்டு. 31 வீதம் சோடியம். 8 வீதத்துக்குச் சிறிது குறைவாகச் சல்பேற்று. 4 வீதத்துக்குச் சிறிது குறைவாக மகனீசியம். கல்சியமும் பொற்றாசியமும் தனித்தனி ஒரு வீதத்துக்குச் சற்று மிகுதி. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய ‘சலெஞ்சர்’ என்னும் ஆங்கிலக் கப்பல் கொணர்ந்த நீர் மாதிரிகளுள் 77 மாதிரிகளை வில்லியம் டிற்மார் என்னும் இரசாயனர் பகுத்தாராய்ந்தார். கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு வேறுபடினும், உப்புக்கள் தம்முள் நிற்கும் விகிதம் மாறுவதில்லை என்பதை 1884இல் வெளிவந்த அவருடைய ஆய்வு உறுதிப்படுத்தியது. ஒரு பண்பை மட்டும் அளந்து முழு உப்பையும் கூறிவிடும் கருவிகள் அனைத்தும் இவ்வுண்மையின் மேலேயே நிற்கின்றன.

அங்ஙனமாயின், திருகோணமலையிலிருந்து ஒரு போத்தல் கடல்நீரை எடுத்துவந்து அதனையே அளவுகோலாகக் கொண்டாலென்ன? அது பொருந்தாது. பேராறுகள் வந்து கலக்கும் வங்கக்கடல் மேற்பரப்பு நீரில் உப்புக் குறைவு, அரபிக்கடலில் மிகுதி. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீர் கரையோரமாகத் தெற்கு நோக்கி வரும். மழைநீரும் அதனோடு சேரும். எனவே திருகோணமலைக் கடல்நீர் மார்கழியில் ஓரளவும் ஆடியில் வேறோரளவுமாகும். தான் மாறுவது பிறிதொன்றுக்கு அளவுகோலாதல் இல்லை.

மூவகைக் கருவிகள்

உப்பளக்குங் கருவிகள் மூன்று வகையின. முதலாவது, ஐதரோமீற்றர் எனப்படும் நீரமானி. உப்புக் கூடியவழி நீர் அடர்த்தி மிகும். மிதக்கும் பொருள் மேலெழும். நெல்விதை தேரும் உழவர் உப்புக் கரைசலில் முட்டை மிதக்கும்வரை உப்புச் சேர்ப்பதும் இம்முறையே. ஆயினும் புதிய முட்டை கடல்நீரில் அமிழ்ந்துவிடும். அது மிதப்பதற்குக் கடல்நீரினும் செறிந்த கரைசல் வேண்டும். ஆதலின் முட்டை விதை தேர்தற்கு உதவும், தொட்டிக்கு உதவாது. ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை முதலிய இடங்களின் உப்புத் தொழிலில் நீரமானி பழகிய கருவி. 1768இல் அந்துவான் போமே என்னும் பிரெஞ்சுக்காரர் வகுத்த அளவில், கடல்நீர் 3 பாகைக்குச் சற்று மேல் நிற்கும்; 25 பாகையளவில் உப்பு விளையும்; 30 பாகையை எட்டுமுன் எஞ்சிய கைப்புநீரை வெளியேற்றுவர். அத்தொழிலுக்கு இவ்வளவு போதும். தொட்டிக்கோ உவர்த்தன்மையில் 1 கூறு மாறினும் அறிதல் வேண்டும். அஃது அவ்வளவில் பத்திலொரு பாகையே. எனவே நல்ல கருவியாயினும் நம் வினாவுக்கு ஏற்ற நுண்மை உடையதா என நோக்குதல் முதற்கடன்.

தொட்டிக்குரிய நீரமானியிலும் இருவகை உண்டு. ஒன்று, நீண்ட தண்டுடைய கண்ணாடிக் குழாய். மற்றது, சிறு பெட்டியினுள் முள் அசையும் பிளாத்திக்குக் கருவி. பின்னதன் விலை குறைவு. ஆயின் முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினும், உப்புப் படிந்து காய்ந்திருப்பினும் அளவு பிழைபடும். கண்ணாடிக் கருவியில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. சில 15.6 பாகைச் சென்ரிகிரேட்டுக்கும் சில 25 பாகைக்கும் அளவிடப்பட்டவை. குளிர்நாட்டுக்காக 15.6 பாகைக்கு அமைக்கப்பட்ட கருவியை மாத்தளையில் 27 பாகை வெப்பமுள்ள நீரில் இட்டால், அது உண்மையினும் 3 அல்லது 4 கூறு குறைத்தே காட்டும். கருவியிற் குற்றமில்லை, தண்டில் எழுதப்பட்ட வெப்பநிலையை வாசியாதவரிடமே குற்றம்.

இரண்டாவது, ரிபிராக்ரோமீற்றர் எனப்படும் முறிவுமானி. நீரினுட் புகும் ஒளி வளைவதை முறிவு என்கிறோம். உப்பு மிகின் முறிவும் மிகும். தூய நீரின் முறிவுச் சுட்டி 20 பாகையில் 1.3330, உவர்த்தன்மை 35 உடைய கடல்நீருக்கு 1.3394. இச்சிறு வேற்றுமையைக் கருவி பெருக்கிக் காட்டுகின்றது. அரியத்தின்மேல் இரண்டு மூன்று துளி நீரை இட்டு, மூடியைத் தாழ்த்தி, அரை நிமிடம் பொறுத்து ஒளியை நோக்கிப் பார்த்தால் நீலமும் வெண்மையும் சந்திக்கும் கோடு தெரியும். எளிமையும் நுண்மையும் உடைய கருவி இது. ஆனால் இதனிடத்தும் ஒரு மறைந்த குறை உண்டு. மலிவாகக் கிடைப்பவற்றுட் பல, கடல்நீருக்காக அன்றித் தனிச் சோடியம் குளோரைட்டுக் கரைசலுக்காக அளவிடப்பட்டவை. அத்தகைய கருவி, உவர்த்தன்மை 35 உடைய உண்மைக் கடல்நீரை 36.5 எனக் காட்டும். அதனை நம்பி 35இல் நிறுத்துபவர் தம் தொட்டியை உண்மையில் 33.5இலேயே வைத்திருப்பர்.

மூன்றாவது, கடத்துதிறன்மானி. உப்புநீர் மின்னைக் கடத்தும் அளவைக் கொண்டு இது உப்பைக் கூறுகின்றது. 25 பாகையில் கடல்நீரின் கடத்துதிறன் ஒரு சென்ரிமீற்றருக்கு 53 மில்லிசீமன் அளவாகும். வெப்பநிலை ஒரு பாகை உயர அது ஏறத்தாழ 2 வீதம் மிகுமாதலின், வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் கருவியே வேண்டும். மின்வாய்களிற் பாசியோ உப்போ படியின் அளவு குன்றும். நம் மாவட்டத்தின் வடபகுதியில், வில்கமுவ முதலிய இடங்களில், சிறுநீரக நோயின் அச்சத்தால் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் தோன்றியபின், குடிநீரைச் சோதிக்கும் பேனை வடிவக் கருவி பலருக்கும் அறிமுகமாயிற்று. அதுவும் கடத்துதிறன்மானியே. ஆயினும் அதன் எல்லை பெரும்பாலும் பத்திலட்சத்துக்கு 10,000 கூறுக்குள் அடங்கும். கடல்நீரிலுள்ளதோ 35,000 கூறு. குடிநீர்ப் பேனை கொண்டு கடலை அளக்கப் புகுதல், மூக்குத்தி நிறுக்கும் தராசில் நெல்மூடையை ஏற்றுதல் போலாம்.

ஒருமையும் உண்மையும்

நம்பத்தக்க கருவி என்பதன் இலக்கணம் யாது? ஒரே நீரைப் பலமுறை அளப்பினும் ஒரே அளவைக் காட்டுதல் ஒருமை. காட்டும் அளவு மெய்யளவோடு பொருந்துதல் உண்மை. பத்து நிமிடம் முந்தி ஓடும் பாடசாலைக் கடிகாரம் நாடோறும் அதே பத்து நிமிடம் முந்துமாயின், அதற்கு ஒருமை உண்டு, உண்மை இல்லை. அக்கடிகாரத்தையுந் திருத்திக்கொள்ளலாம். ஒருநாள் முந்தி ஒருநாள் பிந்தும் கடிகாரத்தை எவராலுந் திருத்தவியலாது. ஆகவே கருவியில் முதலில் ஒருமையைத் தேடுக. பின்னர் உண்மையை நிலைநாட்டுக. உண்மையை நிலைநாட்ட, அளவு முன்னரே அறியப்பட்ட ஒரு நீர் வேண்டும்.

கடலாராய்ச்சியாளரும் இவ்வழியே சென்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ட்டின் நூட்சன் என்பார் கோப்பனேகன் நகரில் நியமக் கடல்நீரைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்துப் பல நாட்டு ஆய்வாளருக்கும் வழங்கும் முறையைத் தொடக்கினார். 1975 முதல் அது இங்கிலாந்தில் ஆக்கப்படுகின்றது. 1978இல் வகுக்கப்பட்ட உவர்த்தன்மை அளவுமுறையோ, ஒரு கிலோகிராம் கரைசலில் 32.4356 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு உள்ள நீரை 15 பாகையில் அடிப்படையாகக் கொண்டது. உலகப் பெருங்கடல்களை அளப்போரே ஒரு சிறு குழாய் நீரிடம் தம் கருவியை ஒப்புவித்துச் சோதிக்கின்றனர் எனின், நம் தொட்டிக்கு அது வேண்டாவோ?

கல்லூரியிலேயே ஆக்கும் சோதனைக் கரைசல்

உவர்த்தன்மை 35 எனக் குறித்த நியமக் கரைசல் சிறு போத்தல்களில் விலைக்குக் கிடைக்கும். கிடையாதவிடத்து, இரசாயனகூடத்திலுள்ள தூய சோடியம் குளோரைட்டையும் வடித்த நீரையும் நல்ல தராசையுங் கொண்டு நாமே ஆக்கலாம். ஆயின் கருவிக்குக் கருவி கரைசல் வேறுபடும். முறிவுமானியைச் சோதிக்க, 36.5 கிராம் உப்பை 963.5 கிராம் நீரிற் கரைத்தல் வேண்டும். நீரமானிக்கு 37.1 கிராம் உப்பும் 962.9 கிராம் நீரும் வேண்டும். கடத்துதிறன்மானிக்கு 32.9 கிராம் உப்பும் 967.1 கிராம் நீரும் போதும். இவற்றுள் ஒவ்வொன்றும் தனக்குரிய கருவிக்கு மட்டுமே உவர்த்தன்மை 35 உடைய கடல்நீரைப்போலத் தோன்றும்.

மூன்று கரைசல்களும் ஏன் ஒன்றாகவில்லை என மாணவரை வினவுக. சமையலுப்பும் கடலுப்பும் வேறு. அடர்த்தியும் முறிவும் கடத்துதிறனும் அவற்றை வெவ்வேறு வகையில் உணர்கின்றன என்னும் விடையை அவர் தாமே கண்டடைவர். ஒரு பாடவேளைக்கு இதனினும் சிறந்த பாடம் அரிது.

தூய நீரிட்டு முறிவுமானியைச் சுழியத்தில் நிறுத்துவதோடு பலர் அமைவர். அது போதாது. சுழியத்தில் நேர்நிற்கும் கருவி 35இற் பிழைபடக்கூடும் என்பதை மேலே கண்டோம். நாம் வாசிக்கப்போகும் இடத்துக்கு அருகிலேயே சோதித்தல் வேண்டும். கரைசற் போத்தலை இறுக மூடி வைக்கவும் வேண்டும். மூடி தளர்ந்து நீர் ஆவியாகின் சோதிக்கும் நீரே பொய்யாகிவிடும்.

தேர்ந்தெடுக்கும் முறை

இதுகாறுங் கூறியவற்றால் கருவி வாங்குவோர் வினவவேண்டியவை தெளிவாகும். இக்கருவி எந்த உப்புக்காக அளவிடப்பட்டது? எந்த வெப்பநிலைக்காக? அதன் அளவெல்லை 35ஐ நடுவே கொண்டதா? 1 கூறு மாற்றத்தைக் கண்ணாற் பிரித்தறியலாமா? திருத்தும் ஆணி உண்டா? சோதனைக் கரைசல் தொடர்ந்து கிடைக்குமா? இவ்வினாக்களுக்கு விடை கூறாத பெட்டி எத்துணை அழகாயினும் அதனை ஒதுக்குக.

எம் கருத்தில், மலைநாட்டுக் கல்லூரி ஒன்றுக்குக் கடல்நீர் அளவுடைய முறிவுமானி நாள்வழக்குக்கு ஏற்றது. அதன் சாட்சியாக, வெப்பநிலை குறிக்கப்பட்ட நீண்ட கண்ணாடி நீரமானி ஒன்றும் வெப்பமானியும் அருகே இருத்தல் நன்று. ஒளியால் அளப்பதும் மிதப்பால் அளப்பதும் வெவ்வேறு நெறிகள். இரண்டும் ஒரே பிழையை ஒருங்கே செய்தல் அரிது. இரண்டும் ஒத்தால் நம்புக. வேறுபட்டால் தொட்டியைத் தொடாது, கரைசல் கொண்டு கருவிகளைச் சோதிக்குக. கடத்துதிறன்மானி மூன்றாவதாகச் சேரின் நன்றே. ஆயின் மின்கலமும் மின்வாய்த் துப்புரவும் கவனிக்கும் ஆள் வேண்டும்.

அளவு மாறியிருப்பது உறுதியான பின்னும் விரையாதீர். ஒரு நாளில் 1 கூறுக்கு மேல் மாறாதபடி சிறிது சிறிதாகத் திருத்துக. பிழைபட்ட கருவி விளைக்கும் பெருங்கேடு அறியாமை அன்று. அறிந்தோம் என்னும் துணிவே. கருவி இல்லாதவர் அஞ்சித் தொட்டியைத் தொடார். பொய்க்கருவி உடையவரோ நலமாயுள்ள நீரில் உப்பைக் கொட்டுவர். நோயில்லாதவனுக்குக் கடும் மருந்து ஊட்டியதாக அது முடியும்.

தொட்டியருகே ஒரு குறிப்பேடு தொங்கட்டும். நாள், வெப்பநிலை, உவர்த்தன்மை, சேர்த்த நன்னீர், கருவியைச் சோதித்த நாள் ஆகிய ஐந்தையும் மாணவர் முறைவைத்து எழுதட்டும். மாதம் ஒருமுறையேனும் கருவி சோதனைக் கரைசலைச் சந்திக்கட்டும். ஒரு பிள்ளை எழுதிய எண்ணை மறுநாள் இன்னொரு பிள்ளை சரிபார்க்கட்டும்.

கல்லூரிக்கு நன்கொடை நல்கும் அன்பர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றே. தொட்டியை ஒரு சாண் சிறிதாக்கினும் ஆக்குக. கருவியிலும் சோதனைக் கரைசலிலும் சிக்கனம் பாராதீர். சோதிக்கத்தக்க கருவியே நம்பத்தக்க கருவி. அதனைக் கைக்கொண்டு பழகும் மாணவன் மீனை மட்டும் காப்பவனல்லன்; தான் கேட்ட செய்தியையும், தான் சொல்லப்போகும் முடிவையும் அறிந்த ஓர் உண்மையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நம்பும் பழக்கத்தைப் பெறுவான். நிறைகோலின் நடுநிலையைப் பிள்ளைகள் நெஞ்சில் நாட்டுவதினும் உயர்ந்த பணி ஆசிரியனுக்கு வேறில்லை.